பழுதும் பயணமும்: பெங்களூர் மோட்டார் சைக்கிள் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள் செல்ல இயலாது. தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்ட அறிவிக்கை, ஆட்டோ, டிராக்டர், இயந்திரமற்ற வண்டிகள் ஆகியவற்றோடு இருசக்கர வண்டிகள் அனைத்தையும் விலக்கியது. மொபெட்டுக்கும் 650 சிசி பயண வண்டிக்கும் அதில் வேறுபாடு இல்லை. 118 கி.மீ. நீளமுள்ள இச்சாலை சென்று முடியும் மைசூரில்தான் 1961 முதல் 1996 வரை இந்தியாவின் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள்களுள் ஒன்று உருவானது. முதலில் ஜாவா என்றும் 1973 முதல் யெஸ்டி என்றும் அழைக்கப்பட்ட வண்டி அது. தான் பிறந்த ஊருக்குப் போகும் புதிய பெருஞ்சாலையில் அதற்கு இன்று இடமில்லை.

இச்செய்தியை முரண்நகையாகச் சொல்லிக் கடந்துவிடலாம். ஆயினும் இதற்குப் பின்னால் வரலாற்று மாணவர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் போதல் இன்பமும் தொல்லையும் பிரிக்க முடியாதபடி கலந்த பழக்கம். அத்தொல்லையைத் தீர்க்கும் ஆற்றல் முன்பு யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது? பெங்களூரை வைத்து இதற்கு விடை தேட முயல்கிறேன்.

முதலில் அணுகுமுறை குறித்து. தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக எழுதுவது நெடுநாள் வழக்கம். டேவிட் எட்ஜர்டன் அவ்வழக்கத்தை மறுத்து, பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையத்தில் வைத்தார். டேவிட் அர்னால்டு தம் 2013ஆம் ஆண்டு நூலில் மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றின் வழியே இந்தியர்களின் அன்றாடத் தொழில்நுட்பத்தை ஆராய்ந்தார். மோட்டார் சைக்கிளையும் அவ்வரிசையில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். ஏனெனில் 'பயண வண்டி' என்ற தனி வகை இந்தியச் சந்தையில் அண்மைக் காலத்தில்தான் நிலைபெற்றது. அதற்குமுன் அலுவலகத்துக்குச் சென்றதும், குடும்பத்தை ஏற்றித் திருமணத்துக்குப் போனதும், விடுமுறையில் உதகை ஏறியதும் ஒரே வண்டிதான். வண்டியின் வகையைத் தொழிற்சாலை தீர்மானிக்கவில்லை. அதை ஓட்டியவரின் பயன்பாடே தீர்மானித்தது.

பெங்களூரின் இருபுறமும் இரண்டு தொழிற்சாலைகள் அமைந்தன. கிழக்கே சென்னையில், இங்கிலாந்தின் ரெடிச் நகர நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்பீல்டு இந்தியாவைத் தொடங்கியது. இராணுவத்தின் தேவையே புல்லட் இங்கு வேரூன்ற முதற்காரணம். திருவொற்றியூர் ஆலை வெளிநாட்டு உறுப்புகளைப் பூட்டுவதில் தொடங்கி, படிப்படியாக முழு வண்டியையும் தானே செய்யும் நிலையை எட்டியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்த பின்னும் சென்னையில் புல்லட் பிழைத்தது; 1977 முதல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. தென்மேற்கே மைசூரின் யாதவகிரியில், ருஸ்தம் இரானியும் ஃபரூக் இரானியும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத் தொழில்நுட்பத்துடன் ஐடியல் ஜாவாவை நிறுவினர். ஜெயசாமராஜ உடையார் அதைத் தொடங்கி வைத்தார்.

இவ்விரு வண்டிகளையும் வாங்கக்கூடிய ஒரு கூட்டம் பெங்களூரில் இருந்தது. இந்துஸ்தான் விமான நிறுவனம் (1940), ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954) என்று வரிசையாக எழுந்த ஆலைகள், மாதச் சம்பளமும் வார விடுமுறையும் உடைய தொழில்நுட்பப் பணியாளர்களை உருவாக்கின. அவர்களுள் தமிழர்களும் கணிசமானோர். கடைசல் எந்திரத்தின் முன் நாள் முழுதும் நிற்பவருக்குக் கார்புரேட்டரைக் கழற்றுவது அச்சம் தரும் செயலாக இருந்திருக்க முடியாது. பெங்களூரின் பயணப் பண்பாட்டுக்கு மென்பொருள் காலத்தைவிட இந்தப் பொதுத்துறைக் காலமே அடித்தளம் என்பது என் கருத்து. மென்பொருள் காலம் அதற்குப் பணத்தையும் நீண்ட வாரஇறுதியையும் கூட்டியது.

இனித் தொல்லைக்கு வருவோம். பழைய புல்லட்டை இயக்குவதே ஒரு கலை. டீகம்ப்ரெஷர் நெம்பைப் பிடித்துக்கொண்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, பிறகு நெம்பை விட்டு ஒரே உதை. முறை பிசகினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். பிற வண்டிகளில் பழகியவர் புல்லட்டில் ஏறினால், நிறுத்த வேண்டிய இடத்தில் கியரை மிதிப்பார். ஜாவாவின் தொல்லை வேறு. அதில் கிக்கரும் கியர் நெம்பும் ஒன்றே. இயக்கிய பின் அதே நெம்பை முன்னால் திருப்பினால் கியராகும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆகையால் ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். குறைந்தால் எஞ்சின் சீஸ் ஆகும்; மிகுந்தால் பிளக்கில் கரி படியும். சைலன்சரில் சேரும் கரியை அவ்வப்போது தீயிலிட்டு நீக்க வேண்டும்.

உதிரி உறுப்புகள் எளிதில் கிடைக்காத காலம் அது. உற்பத்தி அளவையே அரசின் உரிமம் வரையறுத்தது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. ஆகவே உறுப்பை மாற்றுவதைவிடச் செப்பனிடுவதே முறையாயிற்று. தேய்ந்த சிலிண்டருக்குப் போர் போட்டு அளவு கூடிய பிஸ்டனைப் பொருத்தினர். புஷ்ஷைக் கடைந்து செய்தனர். சிவாஜிநகரின் குஜ்ரி கடைகளிலும் ஜே.சி. சாலையின் உதிரிக் கடைகளிலும் தேடி அலைவது வண்டி வைத்திருப்பதன் ஒரு பகுதியே ஆயிற்று. தமிழ், உருது, கன்னடம் மூன்றும் ஆங்கிலக் கருவிப் பெயர்களும் கலந்த பட்டறை மொழியும் அங்கே வளர்ந்தது. 'செட்டிங்' என்ற ஒரே சொல் எரிபொருள் அளவையும், தீப்பொறி நேரத்தையும், டேப்பெட் இடைவெளியையும் இடத்துக்கேற்பக் குறித்தது.

பயணம் போகிறவர் இவ்வறிவில் ஒரு பகுதியையாவது பெற்றிருக்க வேண்டியிருந்தது. ஒரு கிளட்ச் கேபிள், இரண்டு பிளக், சங்கிலிக் கொக்கி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் இல்லாமல் யாரும் நகர எல்லையைத் தாண்டவில்லை. வழியில் வண்டி நின்றால் அடுத்த ஊர் மெக்கானிக்கே கதி. ராம்நகரிலோ மண்டியாவிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்த சிறு பட்டறைகள் நெடும்பயணத்தின் உள்கட்டமைப்பாக விளங்கின. எந்த அரசுத் திட்டமும் அவற்றை உருவாக்கவில்லை.

இன்பத்தையும் இங்கேதான் காண வேண்டும் என்று நினைக்கிறேன். விடியலுக்கு முன் புறப்பட்டு, ராம்நகரப் பாறைகளின்மேல் வெளிச்சம் படரும்போது கடந்து, மத்தூரில் வடையும் காப்பியும் முடித்து, வயல்வெளிக் காற்றில் மண்டியாவைத் தாண்டுவதன் சுகம் எளிதில் விளங்கக்கூடியது. மழையும் வெயிலும் மண்வாசனையும் உடலில் நேராகப் படுவது இவ்வூர்தியின் தனி இயல்பு. அதைவிட ஆழமானது, இயந்திரத்தின் ஓசையில் சிறு மாறுதல் கேட்டவுடன் காரணத்தை ஊகித்து, சாலையோரத்தில் அமர்ந்து சரிசெய்து, மீண்டும் ஓட்டிச் செல்லும்போது எழும் நிறைவு. என் வண்டியின் சங்கிலித் தொய்வை நானே சரிசெய்யக் கற்ற பிறகுதான் அவ்வண்டி என்னுடையது என்ற உணர்வே எனக்கு வந்தது. விலை கொடுத்து வாங்குவது சட்டப்படியான உடைமை. பழுதை அறிந்து வருவது வேறோர் உடைமை.

1980களின் நடுவில் நிலைமை மாறியது. ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுடன் வந்த 100 சிசி வண்டிகள் குறைந்த பெட்ரோலில் ஓடின. குறைந்த கவனிப்பையே கேட்டன. யெஸ்டியால் அப்போட்டியைத் தாங்க இயலவில்லை. தொழிலாளர் பிணக்குகளும் கடுமையாகிவந்த புகை வரம்புகளும் சேர்ந்துகொள்ள, 1996-இல் மைசூர் ஆலை மூடப்பட்டது. என்பீல்டு அதற்குச் சற்று முன்னர் 1994-இல் ஐச்சருடன் இணைந்து தப்பியது. ஆலை மூடிய பின்னும் யெஸ்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதே நமக்கு முக்கியம். பெங்களூர், மைசூர் மெக்கானிக்குகளும் உரிமையாளர் கழகங்களும் அதை உயிரோடு வைத்திருந்தனர். ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று ஜாவா நாள் கொண்டாடப் பழைய வண்டிகள் இன்றும் பெங்களூரில் திரள்கின்றன. 2018-இல் ஜாவா பெயரில் புதிய வண்டி சந்தைக்கு வந்தபோது, விற்பனைக்கு இருந்த மூலதனம் அந்த நினைவே. அந்நினைவைக் காத்தவர்கள் பட்டறைக்காரர்கள்.

2000-க்குப் பின் புல்லட்டும் மாறியது. கியர் இடக்காலுக்கு வந்தது. மின்விசை இயக்கம் வந்தது. 2016-இல் மலைச்சாலைகளுக்கென்றே ஹிமாலயன் வந்தது. 2019-இல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 வரம்புகளால் இத்தகைய வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்து, மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருள் செலுத்தும் முறை நிலைபெற்றது. வழியில் நிற்பது அரிதாயிற்று. ஆனால் நின்றுவிட்டால் ஸ்பானர் உதவாது. பழுதைப் படிக்கும் கருவியும் மென்பொருளும் நிறுவனத்தின் சேவை மையத்தில் இருக்கின்றன. மண்டியாவின் சிறு பட்டறைக்காரருக்கு அவை எளிதில் எட்டுவதில்லை.

இதே காலத்தில் ஆவணத் தொல்லை பெருகியது. வேலைக்காகச் சேலத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வண்டியோடு பெங்களூர் வருபவர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி 12 மாதங்களுக்கு மேல் அங்கே வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். கர்நாடகத்தில் ஆயுள்கால வரி கட்ட வேண்டும். முன்பு கட்டியதில் மீதியைத் திரும்பப் பெறத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் 40 விழுக்காடு. எது தேவை, எது ஆடம்பரம் என்பதற்கு அரசு வரைந்த கோடு எஞ்சினின் கன அளவில் விழுந்திருக்கிறது. ஆக, தொல்லை ஒழிந்துவிடவில்லை. நட்டிலும் போல்ட்டிலும் இருந்தது கோப்புக்கும் மென்பொருளுக்கும் இடம் மாறியுள்ளது. முந்தையதை உரிமையாளர் கற்றுத் தீர்க்க முடிந்தது. பிந்தையதைக் காத்திருந்துதான் தீர்க்க முடியும்.

இவ்வாதத்துக்கு எதிர்வாதங்கள் உண்டு, அவை வலுவானவை. பழைய டிரம் பிரேக்குகள் ஆபத்தானவை. டூ-ஸ்ட்ரோக் புகையை நகரம் முழுதும் சுவாசித்தது. சாலையோரப் பட்டறையும் அதன் தோழமையும் பெரும்பாலும் ஆண்களின் உலகம். இரவில் வண்டி நின்றுவிடுவது ஓர் ஆணுக்குச் சாகசக் கதையாகலாம், பெண்ணுக்கு அவ்வாறு ஆவது அரிது. வண்டிகள் நம்பகமானதும் பெண்கள் நெடும்பயணத்தில் மிகுந்து இறங்குவதற்கு ஒரு காரணம். சாலைத் தடைக்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள், அதாவது 44.5 விழுக்காடு. கார்கள் நூறு கி.மீ. வேகத்தில் விரையும் தடத்தில் மொபெட் செல்வது ஏற்கத்தக்கதா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

எனினும் தீர்வு எப்போதும் விலக்கலாகவே இருப்பது ஏன் என்று கேட்கலாம். நாட்டின் வண்டிகளில் மிகப்பெரும்பான்மை இருசக்கர வண்டிகள். பொதுப்பணத்தில் அமைந்த சாலையின் சிறந்த பகுதி அப்பெரும்பான்மைக்கு மூடப்படும்போது, அதற்கு ஈடான, பாதுகாப்பான மாற்றுத்தடம் இருக்கிறதா என்பதே சோதனை. பிடதி, ராம்நகர், சன்னபட்டணம், மத்தூர், மண்டியா ஆகிய ஊர்களை விரைவுச்சாலை ஒதுக்கிச் செல்கிறது; மோட்டார் சைக்கிள்கள் சேவைச் சாலையிலும் பழைய சாலையிலுமாக அவ்வூர்களின் வழியே தொடர்கின்றன. விரைவுச்சாலையால் வணிகம் இழந்த உணவுக்கடைக்கும் பொம்மைக்கடைக்கும் பட்டறைக்கும் எஞ்சிய வாடிக்கையாளருள் அவர்களும் அடங்குவர். அப்பழைய சாலை செப்பமாக இருக்கிறதா என்பது பயணியின் கேள்வி மட்டுமன்று. அவ்வூர்களின் கேள்வியும் ஆகும்.

செப்பனிடும் உரிமையும் இதனோடு இணைந்தது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் வரம்பில் மோட்டார் வாகனங்களும் உள்ளன. சேவைக் கையேடும், பழுதறியும் கருவியும், உதிரி உறுப்பும் சுதந்திரமான பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். மைசூர் ஆலை மூடிய பின்னும் யெஸ்டியைப் பல்லாண்டு ஓடச்செய்த அறிவு இவ்விவாதத்துக்கு மிகச்சிறந்த சான்று. அச்சான்று எழுதப்படாமல் கிடக்கிறது.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனங்களின் வரலாறு விளம்பரப் படங்களோடு அழகாக அச்சாகிவிட்டது. யாதவகிரி ஆலையில் வேலை செய்தவர்கள், சிவாஜிநகர்ப் பட்டறைக்காரர்கள், நெடுஞ்சாலை மெக்கானிக்குகள் ஆகியோரின் வாய்மொழி வரலாறு இன்னும் பதிவாகவில்லை. பலர் எழுபதைக் கடந்துவிட்டனர். பட்டறைக் கணக்கேடுகள், பழைய பதிவுச் சான்றுகள், உதிரிக் கடைகளின் விலைப்பட்டியல்கள் ஆகியவை பழைய தாள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தமிழ், கன்னடம், உருது மூன்றும் அறிந்த இருவர் ஓராண்டு உழைத்தால் ஒரு நல்ல ஆவணத்தொகுதி உருவாகும். பட்டறைச் சொல்லகராதி ஒன்றை அதன் முதற்பகுதியாகக் கொள்ளலாம். ஆர்வமுள்ளோர் பின்னூட்டத்தில் தெரிவிக்கலாம். தங்கள் வீட்டில் பழைய ஜாவா, புல்லட் ஆவணங்கள் வைத்திருப்போர், தயைகூர்ந்து அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.