ஷெஃபீல்ட் சாலையோர மரங்கள் விவகாரம்

இங்கிலாந்தின் தெற்கு யார்க்ஷயர் பகுதியில் உள்ள ஷெஃபீல்ட் நகரில் 2012 முதல் 2018 வரை ஏறத்தாழ 5,600 சாலையோர மரங்கள் வெட்டப்பட்டன. மாநகராட்சியின் சாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி நடந்த இந்த மரவெட்டும், அதை எதிர்த்து நகரவாசிகள் பல ஆண்டுகள் நடத்திய போராட்டமும், பின்னர் நடந்த விசாரணையும் சேர்ந்து ஷெஃபீல்ட் சாலையோர மரங்கள் விவகாரம் எனப்படுகின்றன. பொது மரங்களைப் பேணும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதே அம்மரங்களின் ஆயுளைத் தீர்மானித்துவிடும் என்பதற்கு அண்மைக் காலத்தில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பின்னணி

ஷெஃபீல்ட் எஃகு ஆலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். பூங்காக்களும் காடுகளும் நிறைந்த நகரமும் கூட. அதன் சாலையோரங்களில் மட்டும் ஏறத்தாழ 36,000 மரங்கள் நின்றன. விக்டோரியா அரசி காலத்திலும் அதை அடுத்த பத்தாண்டுகளிலும் நடப்பட்ட லிண்டன், பிளேன், எல்ம் போன்றவை முதிர்ந்து, பல தெருக்களுக்குக் கூரைபோல் நிழல் தந்தன. அதே காலத்தில் சாலைகளோ சீரழிந்துவந்தன. குண்டும் குழியுமான சாலைகளால் நகரத்துக்குக் கெட்ட பெயரும் ஏற்பட்டிருந்தது.

2006–07இல் மாநகராட்சி ஒரு மரக் கணக்கெடுப்பை நடத்தியது. மரங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு முதிர்ந்தவை என்றும், சுமார் 1,000 மரங்களை அகற்ற வேண்டியிருக்கும் என்றும் அது கூறியது. மேலும் சுமார் 10,000 மரங்களுக்குக் கவாத்து முதலிய சிகிச்சை தேவைப்பட்டது. மீதமுள்ள பெரும்பான்மை மரங்களுக்கு எந்த வேலையும் தேவைப்படவில்லை.

ஒப்பந்தமும் நிதியும்

2012இல் மாநகராட்சி ஏமி என்ற தனியார் நிறுவனத்துடன் 25 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ‘ஸ்ட்ரீட்ஸ் அஹெட்’ என்று பெயரிடப்பட்ட இத்திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 220 கோடி பவுண்டு. அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகை நடுவண் அரசின் மானியமாக வந்தது. சுமார் 1,900 கிலோமீட்டர் சாலைகள், அவற்றின் நடைபாதைகள், 68,000 தெருவிளக்குகள் ஆகியவற்றோடு சாலையோர மரங்களும் ஒப்பந்தத்தில் ஒரு பொருளாகச் சேர்க்கப்பட்டன.

இது தனியார் முதலீட்டில் பொதுப்பணிகளைச் செய்யும் முறை. முதல் ஐந்தாண்டுகளில் சாலைகளைக் குறித்த தரத்துக்கு உயர்த்த வேண்டும். எஞ்சிய இருபது ஆண்டுகளுக்கு அந்தத் தரத்தைக் காக்க வேண்டும். பெரிய மரத்தின் வேர் நடைபாதையைத் தூக்கினால் ஒவ்வொரு முறையும் செலவு. அந்த மரத்தை எடுத்துவிட்டு ஒரு கன்றை நட்டால், ஒப்பந்தக் காலம் முடியும்வரை நடைபாதை பெரும்பாலும் சமமாகவே இருக்கும். கோடையில் மரம் தரும் குளிர்ச்சி, உறிஞ்சும் மழைநீர், வடிகட்டும் தூசி ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் வரவாகப் பதிவாவதில்லை. எனவே மரம் அங்கே செலவாக மட்டுமே இடம்பெற்றது.

இங்கிலாந்தின் சட்ட அமைப்பும் இதற்கு இடம் கொடுத்தது. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி சாலையைச் செப்பனிட்டு வைத்திருப்பது உள்ளாட்சியின் கட்டாயக் கடமை. பூங்காக்களையும் பசுமையையும் பேணுவது விருப்பக் கடமை. 2010க்குப் பின் நடுவண் அரசு உள்ளாட்சி மானியங்களை வெட்டியபோது, விருப்பக் கடமைகளுக்கான பணமே முதலில் குறைந்தது.

எந்த மரம் வெட்டப்பட்டது

இறந்தவை, இறந்துகொண்டிருப்பவை, நோயுற்றவை, ஆபத்தானவை, சாலைக்குச் சேதம் விளைவிப்பவை, சக்கர நாற்காலியில் செல்வோர் போன்றோரின் வழியை மறிப்பவை என ஆறு வகை மரங்கள் அகற்றப்படும் என்று மாநகராட்சி அறிவித்தது. முதல் நான்கு வகைகளில் பெரிய தகராறு எழவில்லை. விளிம்புக்கல்லைச் சற்றே நகர்த்திய குற்றத்துக்காக நல்ல மரங்கள் ஐந்தாம் வகையில் சேர்க்கப்பட்டபோதுதான் எதிர்ப்பு மூண்டது. விளிம்புக்கல்லை வேருக்கு ஏற்ப வெட்டி வைப்பது, நெகிழும் பொருளால் தளம் போடுவது, நடைபாதையை மெல்லச் சரித்து உயர்த்துவது எனப் பல மாற்றுவழிகள் மாநகராட்சியின் ஆவணத்திலேயே பட்டியலிடப்பட்டிருந்தன. நடைமுறையில் அவை பெரும்பாலும் கையாளப்படவில்லை.

ஒப்பந்தக் காலத்துக்குள் 17,500 மரங்களை, அதாவது நகரின் சாலையோர மரங்களில் கிட்டத்தட்டப் பாதியை, அகற்றி மாற்ற வேண்டும் என்ற விதி 2018இல் வெளியே வந்தது. அது இலக்கே அல்ல என்று மாநகராட்சி மறுத்தது. அது ஒப்பந்தத்தின் நிபந்தனைதான் என்று பிற்கால விசாரணை உறுதிசெய்தது.

போராட்டம்

தெருத்தெருவாகத் தோன்றிய குழுக்கள் 2015இல் ஷெஃபீல்ட் மரப் பாதுகாப்புக் குழுக்கள் என்ற கூட்டமைப்பாக இணைந்தன. அதே ஆண்டில் மாநகராட்சி ஒரு தற்சார்பு மர ஆலோசனைக் குழுவை அமைத்தது. மரங்களைக் காப்பாற்றலாம் என்று அக்குழு அளித்த பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை மாநகராட்சியே நிராகரித்தது.

2016 நவம்பர் 17 அன்று விடியுமுன் ரஸ்ட்லிங்ஸ் சாலைக்கு ஒப்பந்ததாரரின் ஆட்கள் காவலர்களுடன் வந்து எட்டு மரங்களை வெட்டினர். கார்களை அகற்றச் சொல்லித் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுப்பப்பட்டனர். எழுபது வயதைக் கடந்த இரு பெண்கள் உட்பட மூவர் கைதாயினர். தொழிற்சங்கத் தகராறுகள் தொடர்பான 1992ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள்மீது பயன்படுத்தப்பட்டது. பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. அங்குள்ள மரங்களில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்ற முடியும் என்ற ஆலோசனைக் குழுவின் அறிக்கை, மரங்கள் விழுந்த அதே நாளில்தான் மக்களுக்குக் கிடைத்தது.

போராட்டம் சில மரங்களை நாடறியச் செய்தது. செல்சி சாலையின் ஹன்டிங்டன் எல்ம், பிரிட்டனில் கோடிக்கணக்கான எல்ம்களை அழித்த டச்சு எல்ம் நோய்க்குத் தப்பி நின்ற மரம். அரிய பட்டாம்பூச்சி இனம் ஒன்றுக்கும் அது இருப்பிடம். 2016இல் இங்கிலாந்தின் ‘ஆண்டின் சிறந்த மரம்’ போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. வெஸ்டர்ன் சாலையில் முதல் உலகப் போருக்குச் சென்ற உள்ளூர்ப் பள்ளியின் முன்னாள் மாணவர்களின் நினைவாக 1919இல் நடப்பட்ட மரங்களும் வெட்டுப் பட்டியலில் இருந்தன.

2017இல் மாநகராட்சி உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. வேலி எழுப்பிய பகுதிக்குள் நுழைந்தவர்கள்மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்குகள் தொடரப்பட்டன. சிலருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பசுமைக் கட்சி உறுப்பினர் அலிசன் டீல் மீதான வழக்கு தள்ளுபடியானது. 2018 தொடக்கத்தில் சில மரங்களை வெட்டுவதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள் தேவைப்பட்டனர். நாடெங்கும் கண்டனம் பெருகவே, அந்த ஆண்டு மார்ச் மாதம் மரவெட்டு நிறுத்தப்பட்டது.

தீர்வும் விசாரணையும்

2018 இறுதியில் மாநகராட்சி, ஏமி, போராட்டக் குழுக்கள் ஆகியவற்றுக்கிடையே பேச்சுவார்த்தை நடந்து உடன்பாடு ஏற்பட்டது. 2019இல் மூன்று தரப்பும் கூடி, வெட்டுப் பட்டியலில் எஞ்சியிருந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டன. பெரும்பாலானவற்றைச் சிறிய வேலைகளாலேயே காப்பாற்றலாம் என்று தெரியவந்தது. செல்சி சாலை எல்மும் தப்பியது.

2021 தேர்தலில் தொழிற்கட்சி மாநகராட்சியில் பெரும்பான்மையை இழந்தது. ஐக்கிய நாடுகள் அவையில் முன்பு மனிதநேயப் பணிகளின் தலைவராக இருந்த சர் மார்க் லோகாக் தலைமையில் பின்னர் தற்சார்பு விசாரணை அமைக்கப்பட்டது. 2023 மார்ச்சில் வெளியான அவரது அறிக்கை, மாநகராட்சி பொதுமக்களையும் நீதிமன்றங்களையும் தவறாக வழிநடத்தியது என்றும், முதன்மைப் பொறுப்பு மாநகராட்சித் தலைமையுடையது என்றும் கூறியது. அதே ஆண்டு ஜூனில் மாநகராட்சி எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டது.

சட்ட மாற்றமும் மரத்தின் மதிப்பும்

2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம், சாலையோர மரத்தை வெட்டுமுன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கடமையை இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு விதித்தது. 2023 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இறந்த மரங்கள், உடனடி ஆபத்து விளைவிப்பவை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அது நடைமுறைக்கு வருமுன், 2023 மார்ச் 14 இரவில் பிளிமத் நகர மையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. அதைத் தொடர்ந்து அந்நகர மன்றத் தலைவர் பதவி விலகினார்.

மரத்தைச் சொத்தாகக் கணக்கிடும் முறையும் இங்கிலாந்தில் உண்டு. அடிமரத்தின் பருமன், உடல்நலம், சுற்றிலும் வாழும் மக்கள்தொகை ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடும் ‘கேவட்’ முறையில், லண்டன் பெர்க்லி சதுக்கத்தின் பிளேன் மரம் ஒன்று 2008இல் 7,50,000 பவுண்டு என மதிப்பிடப்பட்டது. நடவுக்கும் பணம் வந்தது. 2019இல் தொடங்கிய நகர்ப்புற மர நிதி, கன்று நடுவதற்கும் முதல் மூன்றாண்டுப் பராமரிப்புக்கும் உதவியது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு நீளும் கவாத்து, வேர்ப் பராமரிப்பு, ஆய்வு ஆகிய செலவுகள் உள்ளாட்சியின் தலையில்தான் விழுகின்றன.

முக்கியத்துவம்

ஷெஃபீல்டில் மரங்களுக்கு எதிராக யாரும் கொள்கை வகுக்கவில்லை. சாலைக்கென ஒதுக்கிய பணத்துக்குள் மரத்தையும் அடக்கினார்கள். மரத்தை அகற்றுவதே அந்தக் கணக்குக்கு மலிவாக இருந்தது. நூறாண்டு மரத்துக்குப் பதில் ஒரு கன்றை நட்டால் எண்ணிக்கை சரியாகும். ஆனால் இழந்த நிழலும் குளிர்ச்சியும் ஒரு தலைமுறைக்குத் திரும்புவதில்லை. நட்டவுடன் நாடாவை வெட்டிப் படம் எடுத்துக்கொள்வதைவிட, நிற்கும் மரத்தை ஆண்டுதோறும் பேணும் நிதியே ஒரு நகரத்தின் பசுமையைக் காக்கிறது. இன்று அந்நகரில் வெட்டுவது கடைசி வழியாக மட்டுமே என்ற புதிய மர உத்தி செயல்படுகிறது. சாலை ஒப்பந்தமோ 2037 வரை நீடிக்கிறது. அதே ஒப்பந்தத்துக்குள்ளேயே மரங்களைக் காக்க முடிகிறது என்பது, முன்பு வெட்டப்பட்ட நல்ல மரங்களில் பலவற்றை வெட்டாமலே இருந்திருக்கலாம் என்பதைக் காட்டுகிறது.