நான்கு மணி நேரத்தின் கணக்கு: தடைப்பட்ட பிரசவமும் பிரசவ வரைபடமும்

அன்றைய ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், பணியாற்றிய ஃபில்பாட்டும் காசிலும் 1972-இல் பிரசவத் தாளில் இரண்டு சாய்கோடுகளை வரைந்தார்கள். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிவதைக் காட்டுவது எச்சரிக்கைக் கோடு. அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் தள்ளியிருப்பது செயல் கோடு. இந்த இடைவெளியை உடற்கூறு தீர்மானிக்கவில்லை. சிறு நிலையத்தில் வலி கண்ட பெண்ணை, சிசேரியன் செய்யும் மருத்துவமனையில் சேர்ப்பதற்கான அவகாசம் அது. அந்தக் கோடுகளுக்குள் ஒரு சாலை ஒளிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கும் தடை கண்ணில் படாமல் ஏமாற்றும். வலி நன்றாக வருகிறது, பெண் முக்குகிறாள், கைவிட்டுப் பார்த்தால் தலை கீழே தட்டுப்படுகிறது. தட்டுப்படுவது பெரும்பாலும் உச்சந்தலையில் கட்டிய வீக்கம்தான். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மண்டை இன்னும் மேலேயே சிக்கி நிற்கும். ஆகவே தேர்ந்த கை முதலில் அடிவயிற்றைத் தொடுகிறது. இடுப்பின் முன்னெலும்புக்கு மேலே ஐந்து விரலும் கொள்ளுமளவு தலை இருந்தால், அது இறங்கவே இல்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

தலைப்பிரசவத்தில் கருப்பை பெரும்பாலும் சோர்ந்து ஓய்ந்துவிடும். முன்பே பெற்றவளுக்கோ ஓயாமல் போராடிக் கிழியும். தடை உண்டா என்று பாராமல் வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் ஏற்றுவது அந்தக் கிழிசலை வரவழைப்பதாகும். டிரிப், ஆன்டிபயாடிக், சிறுநீர்க் குழாய், தாமதமில்லாத அறுவை: தேவை இவைதான்.

தாமதித்தால்? தலைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கிய சிறுநீர்ப்பைச் சுவர் ரத்தமோட்டமின்றி அழுகி, சில நாள்களில் ஓட்டை விழும். பிறகு சிறுநீர் நில்லாது. மருத்துவர்களான ஹேம்லின் தம்பதியர் 1959-இல் எத்தியோப்பியா சென்றது தாதியர் பள்ளி தொடங்கத்தான். இப்படி ஓட்டை விழுந்து வாசலில் வந்து நின்ற பெண்களே அவர்களை அறுவைக்கு இழுத்தார்கள். ஓட்டை அடைப்பதோடு வேலை முடியாது என்பதால், 2007-இல் கேத்தரின் ஹேம்லின் தாதியர் கல்லூரியையும் தொடங்கினார்.

இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35,484 பெண்களிடம் இந்தக் கோடிட்ட தாளைச் சோதித்த உலக சுகாதார நிறுவன ஆய்வு 1994-இல் வெளியானது. நெடும் பிரசவம் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்திருந்தது. அங்கே தாளோடு, எப்போது என்ன செய்வது என்ற விதிமுறையும் சேர்ந்தே வந்தது. தாளை மட்டும் தனித்துச் சோதித்த பிற்கால ஆய்வுகளில் அத்தகைய தெளிவான பலன் தென்படவில்லை.

மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது பல பெண்களுக்குப் பொருந்தாது என்று 2018-இல் அந்நிறுவனமே அறிவித்தது. 2020-இல் வந்த புதிய தாளில் சாய்கோடுகள் இல்லை. விரிவு ஐந்து சென்டிமீட்டரிலேயே நின்றால் ஆறு மணி நேரம், ஒன்பதில் நின்றால் இரண்டு மணி நேரம் என்று படிக்கொரு வரம்பு உண்டு. தேவையற்ற அவசர சிசேரியன்களைத் தவிர்க்க இது சரியான திருத்தம். ஆனால் பழைய கோடுகளோடு சாலையும் தாளைவிட்டுப் போய்விட்டது. மருத்துவமனை மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் தாதிக்கு அந்த ஆறு மணி நேரம் உண்மையில் மூன்றுதான். பயண நேரத்தைத் தாளின் முதல் வரியிலேயே எழுதி, ஒவ்வொரு வரம்பிலிருந்தும் அதைக் கழித்துப் பார்க்க அவருக்குக் கற்றுத்தர வேண்டும்.