பதினோரு நாள் வித்தியாசம்: சோழமண்டலக் கரையில் ஓடிய இரண்டு தேதிகள்

முதலில் ஒரு விடுகதை. 1740-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு வணிகர் காலையில் புதுச்சேரியிலிருந்து மாட்டுவண்டியில் புறப்படுகிறார். மாலையில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டைக்குப் போய்ச் சேருகிறார். தூரம் சுமார் 20 கிலோமீட்டர்தான். அவர் புறப்பட்டபோது புதுச்சேரி அலுவலகத்தில் எழுதிய தேதி மே 20. போய்ச் சேர்ந்த இடத்தில் எழுதிய தேதி மே 9. இது எப்படி?

விடை எளிது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டை ஆங்கிலேயர் வசம் இருந்தது. இரு நாட்டாரும் வெவ்வேறு நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். சென்னைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையிலும் இதே வித்தியாசம்தான்.

இந்தச் செய்தியை நான் தெரிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். வரலாற்று ஆசிரியராக இருந்த காலத்தில், பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றிய நாள் எது என்று தேர்வில் கேட்டிருந்தேன். என்னிடம் இருந்த நூலில் 1746 செப்டம்பர் 21 என்று இருந்தது. ஒரு மாணவன் செப்டம்பர் 10 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவன் மறுநாள் நூலகப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அதில் செப்டம்பர் 10 என்றுதான் இருந்தது. "அச்சுப்பிழையாக இருக்கும், போய் உட்கார்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டும் சரியான விடை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. மதிப்பெண்ணைத் திருத்துவதற்கு அவன் அப்போது பள்ளியில் இல்லை.

சிக்கல் எங்கே தொடங்கியது?

ரோமானியத் தலைவர் ஜூலியஸ் சீசர் ஏற்படுத்திய ஜூலியன் நாட்காட்டி, ஓர் ஆண்டுக்கு 365 நாள் 6 மணி நேரம் என்று கணக்கிட்டது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஒரு நாள் கூடும். ஆனால் பருவங்கள் ஒரு சுற்று வருவதற்கு ஆகும் காலம் அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. பதினோரு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். 16-ஆம் நூற்றாண்டில், மார்ச் 21-இல் வர வேண்டிய சம இரவு பகல் நாள் மார்ச் 11-இல் வந்துகொண்டிருந்தது. ஈஸ்டர் பண்டிகையின் தேதி இந்த நாளை வைத்துக் கணிக்கப்படுவதால் கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது பெரிய தலைவலியாயிற்று.

1582 பிப்ரவரி 24 என்று தேதியிட்ட ஆணையில் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி இதைச் சரிசெய்தார். அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று வைத்துக்கொள்ள வேண்டும். இனி நூறால் வகுபடும் ஆண்டுகளில், நானூறாலும் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டுகள். எனவே 1600 லீப் ஆண்டு, 1700 இல்லை. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகியவை சொன்ன நாளிலேயே மாறின. அவிலா நகரத்துப் புனித தெரேசா ஸ்பெயினில் இறந்தது அந்த அக்டோபர் 4-ஆம் தேதி இரவு. மறுநாள் அவரை அடக்கம் செய்தபோது தேதி 15. இன்றும் அவருடைய திருநாள் அக்டோபர் 15-இல்தான் வருகிறது.

பிரான்சு அதே ஆண்டு டிசம்பரில் மாறியது. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த நாடுகள், போப்பாண்டவர் சொல்லி நாம் கேட்பதா என்று தயங்கின. டென்மார்க் 1700-இல்தான் இறங்கி வந்தது. இங்கிலாந்து அதற்கும் பிறகு 52 ஆண்டு பிடிவாதமாக இருந்தது. பத்து நாளாக இருந்த வித்தியாசம், 1700-ஆம் ஆண்டின் பிப்ரவரி 29-ஐ ஒரு தரப்பு வைத்துக்கொள்ள மறு தரப்பு விட்டுவிட்டதால் பதினோரு நாளாயிற்று.

ஒரே புயல், இரண்டு தேதி

ஐரோப்பாவின் இந்தச் சண்டை கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய நாள் 1706 ஜூலை 9. அது டேனியர் கணக்கு. அதே நாளில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஜூன் 28 என்றுதான் எழுதியிருப்பார்கள்.

1746-ஆம் ஆண்டுக்கு மறுபடி வருவோம். லா போர்டனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படையிடம் சென்னை சரணடைந்தது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. சில வாரங்களில் பெரும் புயல் அடித்து லா போர்டனேயின் கப்பல்களைச் சின்னாபின்னமாக்கியது. அந்தப் புயல் இரவை ஒரு நூலில் அக்டோபர் 2 என்றும் இன்னொரு நூலில் அக்டோபர் 13 என்றும் காணலாம். இரண்டையும் படிக்கும் மாணவர் இரண்டு புயல்கள் என்று எண்ணிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று மட்டும் இருவருக்கும் பொது. கிழமை. தேதியைத் தாண்டிக் குதித்தவர்கள் கிழமையைத் தொடவில்லை. சென்னை சரணடைந்த நாள் இரு கணக்கிலும் புதன்கிழமைதான். இரண்டு நூல்களில் தேதி மாறியிருந்தால் கிழமையைப் பார்ப்பது நல்ல சோதனை.

தமிழர் கணக்கு இந்தக் குழப்பத்தில் சிக்கவேயில்லை. பஞ்சாங்கப்படி அந்த நாள் அட்சய வருடம் புரட்டாசி மாதத்தில் ஒரு நாள். சென்னையிலும் அதுதான், புதுச்சேரியிலும் அதுதான். புதுச்சேரியில் வாழ்ந்து, பின்னாளில் ஆளுநர் டியூப்ளேயின் தலைமை துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை ஆகியவற்றோடு ஐரோப்பியத் தேதியையும் குறித்துவைத்தார். ஆய்வாளர்களுக்கு அது எத்தனை உதவி என்பது, தேதிச் சிக்கலில் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நூற்றாண்டின் நடுவில் சித்திரை முதல் நாள் புதுச்சேரிக் கணக்கில் ஏப்ரல் 9 அல்லது 10-இல் வந்தது. சென்னைக் கணக்கில் அது மார்ச் மாதக் கடைசி. இன்று ஏப்ரல் 14-இல் வருகிறதே என்று கேட்கலாம். நம் சூரிய ஆண்டு நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கப்படுவது. கிரிகோரியன் ஆண்டைவிட ஏறத்தாழ 23 நிமிடம் நீளமானது. ஆகவே சுமார் 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அது தள்ளிப்போகிறது.

இங்கிலாந்து மாறிய கதை

கடைசியில் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆசியாவில் இருந்த ஆங்கில ஆட்சிப் பகுதிகளுக்கும் அது பொருந்தும். 1752 செப்டம்பர் 2 புதன்கிழமை. மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. "எங்கள் பதினோரு நாளைத் திருப்பிக் கொடு" என்று மக்கள் கலவரம் செய்ததாகப் பல பொது அறிவு நூல்களில் இருக்கும். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அப்படிக் கலவரம் நடந்ததற்கு நல்ல சான்று இல்லை என்பதே இன்றைய வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஹோகார்த் என்ற ஓவியர் தேர்தல் கூத்தைக் கேலி செய்து வரைந்த படம் ஒன்றில் அந்த வாசகம் எழுதிய பலகை கிடக்கிறது. அதிலிருந்து கிளம்பிய கதை இது. உண்மையில் கடன், வாடகை, ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு முழு நாட்களையும் எண்ணியே தவணை முடிய வேண்டும் என்று சட்டமே பாதுகாப்புக் கொடுத்திருந்தது.

அதே சட்டம் இன்னொரு பழைய வழக்கத்தையும் ஒழித்தது. அதுவரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. அதனால் பிப்ரவரியில் எழுதிய கடிதத்தில் முந்தைய ஆண்டின் எண் இருக்கும். குழப்பம் வேண்டாம் என்று 1739/40 என இரண்டையும் எழுதுவோர் உண்டு. எல்லோரும் அப்படி எழுதவில்லை என்பதுதான் தொல்லை.

பொது அறிவுப் போட்டிகளில் வரும் சில செய்திகளையும் இங்கே சொல்லிவிடலாம். ஷேக்ஸ்பியர் இறந்த தேதி 1616 ஏப்ரல் 23. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸுக்கும் அதே தேதியைச் சொல்வது வழக்கம். ஆனால் முன்னது ஜூலியன் கணக்கு. கிரிகோரியன் கணக்கில் அது மே 3. கலிலியோ மறைந்த 1642-லேயே நியூட்டன் பிறந்தார் என்று அழகாகச் சொல்வார்கள். நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 கிரிகோரியன் கணக்கில் 1643 ஜனவரி 4. எல்லாவற்றையும் மிஞ்சியது சுவீடன். மெல்ல மெல்ல மாறலாம் என்று தொடங்கி, பாதியில் குழம்பி, பழைய கணக்குக்கே திரும்புவதற்காக 1712-இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளையே உண்டாக்கியது.

தமிழின் முதல் அச்சு நூல்களில் ஒன்றான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சாகி முடிந்த நாள் 1578 அக்டோபர் 20. போப்பாண்டவரின் ஆணைக்கு நான்கு ஆண்டு முந்தியது அது. எனவே அதுவும் பழைய கணக்கே. இன்றைய கணக்கில் அக்டோபர் 30.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு கணக்கு. தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் ஆங்கிலேயர் 1739 பிப்ரவரி 5 என்று தேதியிட்டுப் புதுச்சேரிக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் புதுச்சேரியிலிருந்து வந்த பதிலில் 1740 பிப்ரவரி 17 என்று இருக்கிறது. பதில் எழுத எத்தனை நாள் ஆயிற்று? ஒரு வருடத்துக்கு மேல் என்று சொல்பவர்கள், மார்ச் 25 புத்தாண்டையும் பதினோரு நாளையும் மறந்துவிட்டார்கள். ஆங்கிலேயர் எழுதிய பிப்ரவரி 5, புதுச்சேரியில் 1740 பிப்ரவரி 16. பதில் மறுநாளே எழுதப்பட்டுவிட்டது.