இடம் மாற்றிய நினைவகச் சில்லு: கொன்சோல் உயிர்பெறாவிட்டால் எங்கே தேடுவது?

பதுளை நகரில் தொலைபேசி, ரி.வி. திருத்துவது என் தொழில். விளையாட்டு இயந்திரங்கள் என்னிடம் அபூர்வமாகவே வரும். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கொண்டுவந்த ‘நின்டெண்டோ வீ’ கொன்சோல் பை ஒன்றுக்குள் துண்டுகளாகக் கிடந்தது. “தம்பி, இதுக்குள்ள என் புள்ள இருக்கான்” என்றார்.

1983 ஜூலை வன்முறை பதுளையை எரித்த பின் கிளிநொச்சிக்குப் போன குடும்பம் அது. 2009இல் மகன் காணாமல் ஆக்கப்பட்டார். இடம்பெயர்வில் புகைப்படங்களும் போயின. மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியேறி உறவினரின் லயத்துக்குத் திரும்பிய பின், வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பிய இயந்திரம் இது. ‘வீ’யில் மனித முகங்களை வடிவமைத்துச் சேமிக்கலாம், அவற்றை ‘மீ’ என்பார்கள். அம்மம்மா கண், மூக்கு, மீசை என்று சொல்லச் சொல்ல, பேரன் தன் மாமாவின் முகத்தைச் செய்திருக்கிறான். வீட்டில் அவருக்கு வேறு படமில்லை.

பேரன் வளர்ந்தான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, இதைப் பட்டரியில் ஓடும் கையடக்கக் கருவியாக்க நினைத்துப் பலகையை வெட்டிச் சிறிதாக்கினான். வெட்டும் இடத்தில் நினைவகச் சில்லு இருந்தால் அதைக் கழற்றி, மெல்லிய கம்பிகளால் வேறிடத்தில் இணைக்க வேண்டும். உலகெங்கும் பலர் செய்யும் வேலைதான். இவன் செய்தபின் திரை கறுப்பாகவே இருந்தது.

‘வேறொரு வீ வாங்கி இந்தச் சில்லைப் போட்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். முடியாது. 512 மெகாபைட் கொண்ட அந்தச் சில்லிலுள்ளவை இரகசியக் குறியீட்டில் எழுதப்பட்டவை. அதற்கான விசை, தொழிற்சாலையிலேயே ‘ஹொலிவுட்’ என்ற பிரதான சில்லுக்குள் பதிக்கப்படுகிறது. இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. ஆகவே சில்லும் பலகையும் ஒன்றாகவே பிழைக்க வேண்டும். கழற்றுமுன் ‘பூட்மீ’ மென்பொருளால் எஸ்.டி. அட்டைக்குப் பிரதி எடுத்திருந்தால் விசைகளும் அதில் சேர்ந்திருக்கும். பையன் எடுக்கவில்லை. மீ முகங்கள் பத்தை ரிமோட்டிலேயே சேமிக்கலாம் என்பதும் அவனுக்குத் தெரியாது.

முதலில் அறிகுறியைப் பாருங்கள். கணினிக் கோப்புகள் சேதமடைந்துள்ளன என்ற செய்தி திரையில் வந்தால், சில்லு ஓரளவு வாசிக்கப்படுகிறது. பழுது தரவில் அல்லது நிலையற்ற இணைப்பில். திரை முழுக் கறுப்பென்றால் தொடக்க நிரலே வாசிக்கப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது மின்சாரத்தையும் கம்பிகளையும் தேட வேண்டும்.

இது 48 கால்கள் கொண்ட சில்லு. 12, 37ஆம் கால்களில் 3.3 வோல்ட் வர வேண்டும். 13, 36 நிலத்துக்கு. பழைய இடத்திலிருந்த கொண்டென்சர்கள் வெட்டிய துண்டோடு போயிருக்கும் என்பதால், சில்லின் அருகே 0.1 மைக்ரோஃபரட் ஒன்றை வையுங்கள். 7ஆம் கால், சில்லு தயாரா என்று அறிவிப்பது. அது தானாக மேலே எழாது, 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் மின்தடை தேவை. அந்த மின்தடையும் குப்பைக்குப் போயிருக்கலாம். 19ஆம் கால் எழுத்துத் தடை. அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டால் வாசிக்க முடியும், எழுத முடியாது.

தரவுக் கால்கள் எட்டு: 29 முதல் 32, 41 முதல் 44. இரண்டை மாற்றி இணைத்தால் தரவு மட்டும் குழம்பும் என்று நினைக்காதீர்கள். இவ்வகைச் சில்லுக்குக் கட்டளையும் முகவரியும் இதே எட்டுக் கம்பிகளில்தான் போகின்றன, கட்டளையே வேறாகிவிடும். கம்பிகள் குட்டையாக, ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்கட்டும்.

நான் ஏமாந்தது இங்கேதான். மல்டிமீட்டரில் எல்லாக் கம்பிகளும் ஒலி எழுப்பின. அடுத்த கால்களோடு ஒட்டலும் இல்லை. இரண்டு நாள் வீணானது. பிறகு டயோட் அளவீட்டுக்கு மாற்றி, சிவப்பு முனையை நிலத்தில் வைத்து, கறுப்பு முனையால் பலகைப் பக்கத்தில் எட்டுத் தரவுக் கம்பிகளையும் தொட்டேன். ஏழு கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. 43ஆம் காலுக்குப் போகும் கம்பி மட்டும் சற்று உயர்ந்திருந்தது. உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் மெல்லத் தள்ளியதும் கால் ஆடியது. வெப்பக் காற்றில் கழற்றும்போது அது சில்லின் உடலோரம் விரிந்திருக்கிறது. நான் சோதனை முனையை அழுத்தும்போதெல்லாம் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டு ஒலி எழுப்பியிருக்கிறது! அழுத்தாமல் அளந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

உடலோரத்தில் பிளாஸ்ரிக்கைச் சுரண்டி, எஞ்சிய உலோக நுனியில் கம்பியை ஈயம் வைத்து, பசையால் நிறுத்தினேன். ஃபிளக்ஸ் கழிவை மதுசாரத்தால் கழுவுவதும் முக்கியம். எங்கள் மலையின் மாரி ஈரத்தில் அது கால்களுக்கிடையே மின்சாரம் கசிய விடும்.

இயங்கியதும் விளையாட்டு எதையும் திறக்காமல், முகங்களை ரிமோட்டுக்கு மாற்றினேன். பின் பூட்மீ பிரதி ஒன்று. அது 528 மெகாபைட் வரும். அதில் ஒன்றை அவர்களிடம் கொடுத்து, இன்னொன்றைக் கடையில் வைத்திருக்கிறேன்.

தாய் திரையை நெடுநேரம் பார்த்தார். மீசை இன்னும் கொஞ்சம் மெலிசாக இருக்க வேண்டும் என்றார். பேரன் ரிமோட்டை எடுத்தான்.