பழைய லேப்டாப் திணறுதா? எஸ்எஸ்டி மாற்றும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை இதோ!

ஆன் பட்டனை அழுத்திவிட்டு, டீ போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்தாச்சு. லேப்டாப் திரையில் வட்டம் மட்டும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. இந்தக் காட்சி பல வீடுகளில் பழகிப்போன ஒன்று.

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என தோல் தொழிலை நம்பி வாழும் பகுதியில் இப்படிப்பட்ட லேப்டாப்களுக்கு வேலை அதிகம். காலையில் தம்பியின் கல்லூரி அசைன்மென்ட், மாலையில் அப்பாவின் பில், ஜிஎஸ்டி கணக்கு. ஒரே மெஷின், ரெண்டு பேருக்கும் அவசரம்.

அதில் பல, அண்ணனோ அக்காவோ பிளஸ் 2 படித்தபோது அரசு கொடுத்தவை. தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-ம் தேதி. அப்போது வழங்கப்பட்டவற்றில் இருந்தது ஹார்ட் டிஸ்க். ஆனால் 2025-ல் கல்லூரி மாணவர்களுக்கான லேப்டாப்களுக்கு எல்காட் நிறுவனம் டெண்டர் கோரியபோது கேட்டது 256 ஜிபி எஸ்எஸ்டி. இடையில் என்ன மாறியது? பழைய லேப்டாப்பிலும் அதை மாற்ற முடியுமா?

ஹார்ட் டிஸ்க் ஏன் ஸ்லோ?

ஹார்ட் டிஸ்க்குக்குள் நிஜமாகவே ஒரு தட்டு சுற்றுகிறது. லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. அதன் மேல் ஒரு ஊசிமுனை இங்கும் அங்கும் நகர்ந்துதான் ஃபைலைத் தேடிப் படிக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகலாம். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேட வேண்டும். திணறல் அங்கேதான் தொடங்குகிறது.

எஸ்எஸ்டியில் சுற்றும் பாகம் எதுவும் கிடையாது. பென் டிரைவ் போல சிப்பில் தகவல் பதிவாகிறது. தேடும் நேரம் மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு சுமார் 100 எம்பி படித்தால், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி வரை படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டினாலோ குலுக்கினாலோ ஹார்ட் டிஸ்க் அடிவாங்கும். எஸ்எஸ்டிக்கு அந்த பயம் ரொம்பக் குறைவு.

உங்க லேப்டாப்பில் எது இருக்கு?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால், விண்டோஸ் 10-ன் பிந்தைய பதிப்புகளில் டிஸ்க் என்ற இடத்துக்குக் கீழே ஹெச்டிடியா, எஸ்எஸ்டியா என்று காட்டும். எந்த வேலையும் செய்யாதபோதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

எது பொருந்தும்?

பழைய லேப்டாப் என்றால் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே கனெக்டரில் உட்காரும். கொஞ்சம் புதிய மாடல்களில் எம்.2 என்ற சின்ன ஸ்லாட் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ வேலை செய்யாது. லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் நம்பரை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது.

விலை மலிந்த சில லேப்டாப்களில் இஎம்எம்சி என்ற ஸ்டோரேஜை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அதைக் கழற்றி மாற்ற முடியாது.

நம்ப முடியாத விலைக்கு 2 டிபி எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் வந்தால் உஷார். 2 டிபி என்று காட்டிவிட்டு, உள்ளே கொஞ்சம்தான் சேமிக்கும் போலிகள் சந்தையில் இருக்கின்றன. சீரியல் நம்பருடன் பில் வாங்கினால்தான் வாரண்டி கேட்க முடியும்.

டேட்டாவை மாற்றுவது எப்படி?

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஃபைல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸை புதிதாக ஏற்றுவது. இன்னொன்று குளோனிங். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகல் எடுப்பது. இதற்கு எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேபிள் மூலம் இணைத்து, குளோனிங் மென்பொருளை ஓட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

* குளோனிங்குக்கு முன் கணக்கு, போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வேறொரு டிரைவில் தனியாக காப்பி எடுக்கணும். எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றித் தேர்வு செய்தால், காலியான எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்படும். எல்லாம் போச்சு!
* பிட்லாக்கர் ஆனில் இருந்தால், 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதை நிறுத்தி வைக்கணும்.
* சில மென்பொருள்கள் சம அளவு அல்லது பெரிய டிஸ்க்கை மட்டுமே ஏற்கும். 500 ஜிபியிலிருந்து 256 ஜிபிக்குப் போகிறவர்கள் முன்பே பார்க்கணும்.
* பேட்டரி வீக்காக இருந்தால் கரன்ட் போகும் நேரத்தில் தொடங்க வேண்டாம்.
* டிக் டிக் என்று சத்தம் வரும் டிஸ்க்கை திரும்பத் திரும்ப ஆன் செய்யக் கூடாது. முக்கிய ஃபைல்களை மட்டும் முதலில் மீட்கணும். முடியாவிட்டால் டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

எது மாறாது?

ஏற்கனவே டிஜிட்டல் முறையில் ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால், லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பொதுவாக அது போகாது. ஆனால் ரேம் 2 ஜிபியாகவே இருந்தால், பத்து டேப் திறந்ததும் மறுபடி திணறும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, புதிய பிராசசர் எல்லாம் தேவை. எஸ்எஸ்டி போட்டதால் மட்டும் பழைய லேப்டாப் அதற்குத் தகுதி பெறாது. அப்படிப்பட்டவற்றுக்கு லினக்ஸ் ஒரு வழி. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு லேப்டாப் வாங்கியவர்களுக்குப் பழக்கமான பெயர்தான்.

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது?

கடையிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது. அதில் ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் ஸ்கேன், குடும்பப் படங்கள் இருக்கும். குயிக் ஃபார்மேட் செய்தாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அவற்றை மீட்க முடியும். முதல் சில வாரம் அப்படியே பத்திரமாக வைத்திருந்து, எஸ்எஸ்டியில் எல்லா ஃபைலும் திறக்கிறதா என்று பார்க்கணும். நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப் டிரைவாக பயன்படுத்தலாம். தூக்கிப் போடுவதாக இருந்தால், முழுவதுமாக அழித்த பிறகு இ-வேஸ்ட் சேகரிப்பவரிடம் கொடுக்கணும்.

அந்த பேக்கப் எஸ்எஸ்டிக்கும் தேவை. ஹார்ட் டிஸ்க் பல நேரம் சத்தம் போட்டு எச்சரித்துவிட்டுத்தான் கெடும். எஸ்எஸ்டி சத்தமில்லாமல் ஒரே நாளில் நின்றுவிடலாம். அழிந்த ஃபைலை அதிலிருந்து மீட்பதும் கஷ்டம். லேப்டாப்பை எப்போது வேண்டுமானாலும் வேறு வாங்கலாம். பத்து வருஷக் கணக்கையும் போட்டோவையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.