பித்தளைக் குடமும் சோழமண்டலும்

பாட்டியோட பித்தளைக் குடத்தைப் பழைய விலைக்குப் போட்டுட்டு எவர்சில்வர் வாங்கின கதை எங்க வீட்டுல உண்டு. (உங்க வீட்டுலயும் இருக்கும், மறைக்காதீங்க!) நசுக்கி எடை போட்ட அந்தக் குடம் ஞாபகத்துக்கு வந்தது ஈஞ்சம்பாக்கத்துல, சோழமண்டல் ஓவியர் கிராமத்துல. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியா போயிடலாம். ஆனா இத்தனை வருஷமா எட்டிப் பார்த்ததில்லை.

கிராமம் உருவானது 1966-ல். எழும்பூர் ஓவியப் பள்ளியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரே கவலை. படிச்சு முடிச்ச பசங்க சோத்துக்கு என்ன செய்வாங்க? ஓவியம் வாங்க ஆளில்லை. சரி, கைத்தொழில் செய்யலாம்னு முடிவாச்சு. மெழுகு தடவிச் சாயம் தோய்க்கும் பாடிக் துணி, இன்னும் சில கைவினைப் பொருட்கள். அதை வித்த காசைச் சேர்த்துக் கடலோரத்துல நிலம் வாங்கினாங்க. இன்றைய ஈசிஆர் அப்போ ஏது? வெறும் மணல். குடிசை போட்டு உட்கார்ந்தாங்க.

அதுல ஒருத்தர் பி.வி. ஜானகிராம் (1930-1995). சிற்பம்னா கல்லு, இல்லேன்னா வெண்கல வார்ப்புன்னு இருந்த காலம். மெரினா உழைப்பாளர் சிலை (1959) மாதிரி வார்க்கணும்னா செலவு எகிறும். ஜானகிராம் எடுத்தது செம்புத் தகடு! வெட்டி, சுத்தியலால் தட்டி வளைச்சு, மேலே கம்பியைப் பத்தவைச்சு மூக்கு, புருவம், நகை எல்லாம் கொண்டு வந்தார். யோசனை வந்த இடம் நம்ம கோயில்தான். மூலவருக்குச் சாத்துற கவசமும் தகடுதானே! கவசம் மாதிரியே இந்தச் சிற்பங்களும் முன்னாடி நின்னு பார்க்கிறதுக்கானவை. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946-2017) லயோலாவில் இயற்பியல் படிச்சவர். அவரும் செம்பு, பித்தளைத் துண்டுகளை ஒட்டவைச்சு இதே வழியில் வேற தூரம் போனார்.

வெளியூர்க் கதையும் உண்டு. பிக்காசோ 1942-ல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை பண்ணினார். 2006-ல் சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களால் ஒரு பிரம்மாண்டமான மண்டையோடு செஞ்சார். (நாம குடத்தைக் கொடுத்து வாங்கின அதே எவர்சில்வர்!) பிரமிப்பா இருக்கும், ஒத்துக்கறேன். எனக்கென்னவோ ஜானகிராம் தட்டின தகடுதான் பிடிக்குது. அதுல கையோட சத்தம் கேட்குது.

பணிக்கர் 1977-ல் போயிட்டார். கிராமம் இன்னும் இருக்கு, 2009-ல் திறந்த அருங்காட்சியகத்தோட. போனீங்கன்னா ஒரு வேலை பண்ணுங்க. முன்னாடி பார்த்து முடிச்சதும், தகட்டுச் சிற்பத்தோட முதுகுப் பக்கம் போக இடம் விட்டிருந்தா போய்ப் பாருங்க. சுத்தியல் தடம் அங்கதான் தெரியும்.