ஆல்டர்னேட்டர் மாற்றம் (மோட்டார் கார்)

பழைய மோட்டார் கார்களில், எஞ்சின் மந்தமாக ஓடுங்கால் பாட்டரிக்குப் போதிய மின்சாரம் அளிக்க இயலாத டைனமோவை அகற்றிவிட்டு, அதனினும் சக்தி வாய்ந்த ஆல்டர்னேட்டரைப் பொருத்தும் முறை. 1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் தமது வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைச் சாதாரண உறுப்பாகவே அமைத்தனர்.

பிரிட்டிஷ் கார்களில் பிரசித்தமாயிருந்த லூகாஸ் சி40 டைனமோ 22 ஆம்பியர் அளவே தரவல்லது. அதற்கென இழுக்கப்பட்ட வயரிலேயே ஆல்டர்னேட்டர் இருமடங்கு மின்னோட்டத்தைச் செலுத்தினால், உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகுவதாகலின், அது நான்கு மடங்காகி, வயரின் உறை உருகித் தீப்பற்றவும் கூடும். ஆகவே ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குச் செல்லும் வயரைத் தடித்ததாக மாற்றுவதும், பாட்டரியின் அருகிலேயே அவ்வயரில் தக்க பியூஸ் ஒன்றை வைப்பதும், எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையின் துருவைச் சுரண்டி இறுக்குவதும் அவசியம். கடைசியாகச் சொன்னதைப் பலரும், ஏனோ, அலட்சியம் செய்துவிடுகின்றனர்.

அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பல, பாட்டரியின் பாசிட்டிவ் முனையைக் காரின் உடலோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் முறையின. அதனை மாற்றாமல் நெகட்டிவ் எர்த் ஆல்டர்னேட்டரை இணைத்தால், அதனுள் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் க்ஷணத்தில் கருகிவிடும். வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் ஓடுகையில் ஒருபோதும் அதனைக் கழற்றலாகாது.